ஏழாவது மிதவை

துறைமுகத்தில் அவனுக்குக் ‘கனவு சார்’ என்று பெயர். முகத்துக்கு நேரே ‘இன்ஜினியர் சார்’ என்பார்கள். அவன் நாலு படி இறங்கிப் போனதும் கனவு சார் ஆகிவிடுவான். அதில் அவனுக்கு வருத்தமில்லை. பேர் வைத்தவர்கள் பொய்யா சொல்லிவிட்டார்கள்? டீயைக் கையில் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினால், டீ ஆறி ஆடை கட்டும்வரை கடலையே பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள்தான் அவன்.

அவனுக்குக் கொடுத்த வேலையும் அப்படி. மற்ற இன்ஜினியர்கள் கிரேனோடும் டீசலோடும் மல்லுக்கட்டினார்கள். அவனிடம் வந்து சேர்ந்தது விளக்குகள். திறந்த கடலிலிருந்து கப்பல்கள் உள்ளே வரும் பாதையின் இரண்டு பக்கமும் மிதவைகள் நிற்கும். ஒரு பக்கம் சிவப்பு, இன்னொரு பக்கம் பச்சை. சங்கிலியால் கடலடியில் கட்டிப்போட்ட அந்த இரும்புப் பூதங்களின் உச்சியில் ஆளுக்கொரு விளக்கு. இருட்டத் தொடங்கியதும் அவை தாமாகவே எரியும், விடிந்ததும் தாமாகவே தூங்கும். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு தாளம் உண்டு. ஒன்று ஒரு முறை சிமிட்டி ஓயும், இன்னொன்று இரண்டு முறை. எந்தத் தாளம் எந்த மிதவைக்கு என்று கடல்வரைபடத்தில் அச்சடித்திருக்கும். கப்பலில் இருப்பவர்கள் தாளத்தைப் பார்த்து, ‘ஓகோ, நாம் இன்ன இடத்தில் இருக்கிறோம்’ என்று தெரிந்துகொள்வார்கள். ஏழாவது மிதவைக்கு மூன்று சிமிட்டல், பிறகு ஒரு நீண்ட ஓய்வு. பாதை வளைகிற இடம் அது. அதற்கு அந்தப் பக்கம் மணல்திட்டு. அங்கே ஏறினால் கப்பலை இழுக்க ஊரே திரண்டு வரவேண்டியதுதான்.

அவன் மனைவியும் கடலில்தான் வேலை செய்தாள். சரக்குக் கப்பலில் மூன்றாம் அதிகாரி. பெண் பார்க்கப் போன அன்று எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, அவள் அவனை பால்கனிக்குக் கூட்டிப்போய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“கடலுக்குப் போகாதேன்னு என்னைக்காவது சொல்வியா?”

“மாட்டேன்.”

“இப்ப சொல்ற. அப்புறம்?”

“அப்புறமும் மாட்டேன்.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அளவுக்கு மேலேயே காப்பாற்றினான் என்றுதான் சொல்லவேண்டும். கல்யாணமான புதிதில், ‘இந்த ஒப்பந்தம் முடிஞ்சதும் வரட்டுமா, இல்ல இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமா?’ என்று அவள் கேட்டபோது, “உன் இஷ்டம்” என்றான். அடுத்த முறையும் “உன் இஷ்டம்.” பெருந்தன்மையாக இருக்கிறோம் என்று அவனுக்கு உள்ளூர ஒரு பெருமை வேறு. தொலைபேசியின் அந்த முனையில் ஏன் ஒவ்வொரு முறையும் பேச்சு சட்டென்று நின்றுபோகிறது என்று அந்தப் பெருமைக்காரனுக்கு உறைக்கவே இல்லை.

“மருமக கடல்ல, மகன் கனவுல. இந்த வீட்ல நான் ஒருத்திதான் தரையில இருக்கேன்,” என்பாள் அவன் அம்மா, வருகிறவர் போகிறவரிடமெல்லாம்.

அவர்கள் இருவருக்கும் சொந்தமாக ஒரு தாளம் இருந்தது. மனைவி ஊரில் இருந்த நாட்களில் அடுத்த பதவித் தேர்வுக்கான வகுப்புக்குப் போய்விட்டு இருட்டியபின் திரும்புவாள். தெருமுனையில் அவள் தலை தெரிந்ததும் அவன் மாடி பால்கனி விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பான். குட்டையாக இரண்டு, நெட்டையாக ஒன்று. முதல் நாள் அவள் மூச்சிரைக்கப் படியேறி வந்து சண்டை பிடித்தாள்.

“விளக்குன்னா அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கணும். உன்னுதுக்கு என்ன அர்த்தம்?”

“பார்த்துட்டேன்னு அர்த்தம்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

“எதிர்வீட்டுக்காரர் வயரிங் கெட்டுப்போச்சுன்னு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடப்போறார், பாரு,” என்றாள். ஆனால் அடுத்த நாள் முதல் தெருமுனையில் நின்று, விளக்கு சிமிட்டி முடித்த பிறகுதான் நடக்க ஆரம்பித்தாள்.

அவள் போன பிறகு அந்தத் தாளம் பட்டறைக்குக் குடிபெயர்ந்தது. புது விளக்கு எது வந்தாலும் உடனே கடலுக்கு அனுப்பமாட்டார்கள். சில நாட்கள் பட்டறை மேசையில் எரியவிட்டுப் பார்ப்பார்கள். அப்படிப் பார்ப்பதற்கு எந்தத் தாளத்தை வைத்தாலும் சரிதான். குட்டையும் நெட்டையும் கலந்து இருந்தால் விளக்கின் குறை நிறை எல்லாம் தெரியும் என்று அவன் மேலதிகாரியிடம் காரணம் சொன்னான். காரணம் உண்மைதான். உண்மையான காரணம் என்னவென்று அவனுக்குத் தெரியும். சாயங்காலம் எல்லோரும் போனபின் பட்டறை விளக்கை அணைத்துவிட்டு, மேசை நிறையப் பச்சையும் சிவப்புமாகக் குட்டை இரண்டு நெட்டை ஒன்று என்று ஒரே நேரத்தில் சிமிட்டுவதைப் பார்த்தபடி நிற்பான். சுவரெல்லாம் நிறம் ஏறி இறங்கும். அந்த நேரத்தில் பட்டறை தண்ணீருக்குள் இருப்பதுபோலத் தோன்றும். அவள் எந்தக் கடலில், எந்த ஜன்னலோரத்தில் நிற்கிறாளோ என்று நினைத்துக்கொள்வான். பிறகு ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவான்.

அன்று காலை ஏழாவது மிதவைக்குப் புது விளக்கு மாட்டவேண்டும். மேசையிலிருந்து விளக்கை எடுத்து, உறையில் போட்டு, ரிமோட்டையும் பையில் வைத்துக்கொண்டு படகில் ஏறினான். வழக்கம் என்னவென்றால், படகு மிதவையை நெருங்கும்போது ரிமோட்டை விளக்கின் அருகே பிடித்துப் பட்டறைத் தாளத்தை மாற்றி, அந்த மிதவைக்குரிய தாளத்தைக் கொடுப்பான். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அன்று படகு பாதி வழியில் போகும்போது கைபேசி அதிர்ந்தது.

‘ரூட் மாறிடுச்சு. இன்னைக்குச் சாயங்காலம் உங்க துறைமுகத்துக்குத்தான் வர்றோம். எனக்குப் பதிலா ஏற ஒருத்தர் அங்க ரெடியா இருக்காராம். இறங்குறியா, இல்ல இன்னொரு தவணை கப்பல்லயே இருக்கியான்னு கேப்டன் கேக்குறார். நீ சொல்லு.’

அவனுக்கு ஒரு கணம் கடல் முழுக்க வெளிச்சமானது. மழைக்காலத்துக்கு முன் போனவள். இன்று சாயங்காலம்! விரல் தானாக ‘வ’ என்று தட்டியது. தட்டிய கையோடு பால்கனியில் கொடுத்த வாக்கு குறுக்கே வந்து நின்றது. வா என்று சொன்னால் போகாதே என்று சொன்னதுபோல ஆகிவிடாதா? அழித்தான். மறுபடி தட்டினான், மறுபடி அழித்தான். கடைசியில் அவன் விரலுக்குப் பழகிப்போன அதே இரண்டு வார்த்தையை அனுப்பினான்.

‘உன் இஷ்டம்.’

பதில் வர வெகுநேரம் ஆனது. வந்ததோ ஒரே சொல்.

‘சரி.’

கல்யாணமானவர்களுக்கு அந்தச் ‘சரி’யைப் பற்றி விளக்கவேண்டியதில்லை. எதில் என்ன தப்பு செய்தோம் என்று பிடிபடாமல், கைபேசியைப் பார்த்துக்கொண்டே மிதவையில் ஏறினான், பார்த்துக்கொண்டே போல்ட்டுகளை முடுக்கினான், பார்த்துக்கொண்டே இறங்கினான். ரிமோட் பையிலேயே இருந்தது. பட்டப்பகலில் விளக்கு எரியாது. எரியாத விளக்கு எந்தத் தாளத்தில் இருக்கிறது என்று யார் கண்டார்கள்?

மத்தியானம் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் அம்மா திரைச்சீலைகளைக் கழற்றித் துவைக்கப் போட்டுவிட்டாள்.

“இறங்கிடுவா இல்ல?”

“தெரியலம்மா. அவ இஷ்டம்.”

அம்மா ஈரக்கையோடு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டு கொடியில் திரைச்சீலையை உதறப் போய்விட்டாள்.

புது விளக்கு முதன்முதலாக எரிகிற சாயங்காலம், அதை மாட்டிய இன்ஜினியர் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் நின்று பார்க்கவேண்டும் என்பது துறைமுகத்து விதி. வேறு நாளாக இருந்தால் அலுத்துக்கொண்டு ஏறியிருப்பான். அன்று படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினான். கோபுரத்தில் கப்பல்களோடு ரேடியோவில் பேசுகிற பெண்மணியைத் துறைமுகமே ‘அக்கா’ என்றுதான் கூப்பிடும். கேப்டன்கள்கூட மறந்துபோய் அக்கா என்றுவிடுவார்கள்.

“என்ன, கனவு சாருக்கு இன்னைக்கு வேலையில இவ்ளோ அக்கறை?” என்றாள் அக்கா. “வெளியில நிக்குது பாருங்க உங்க வீட்டம்மா கப்பல். கப்பலுக்கு வழிகாட்டுற பைலட் படகுல கிளம்பிட்டார். அவர் ஏறினதும் உள்ள வந்துடும்.”

அவன் தொலைநோக்கியை எடுத்தான். பாதையின் வாயிலில், வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறமாகக் கரைந்துபோயிருந்த இடத்தில், கப்பல் எதன்மேலும் மிதக்காமல் சும்மா நின்றுகொண்டிருப்பதுபோல இருந்தது. அதன் மேல்தளத்து ஜன்னல் வரிசையில் எது அவளுடைய ஜன்னல் என்று தேடினான். மெல்ல இருட்டியது. முதல் மிதவை கண் விழித்தது. இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றும் தன் தாளத்தைத் தானே முணுமுணுத்துக்கொண்டு எழுந்தது. நான்கு, ஐந்து, ஆறு.

ஏழாவது எழுந்தது. குட்டையாக இரண்டு. நெட்டையாக ஒன்று.

முதலில் அவனுக்குச் சிரிப்புதான் வந்தது, சத்தியமாக. பால்கனியில் நிற்பதாகவே ஒரு கணம் நினைத்துவிட்டான். அடுத்த கணம் தொலைநோக்கியை இறக்கிவிட்டு, வெறுங்கண்ணால் மறுபடி எண்ணினான். வரைபடத்தில் இல்லாத தாளம். பாதை வளைகிற இடத்தில். அணைந்துகிடக்கிற விளக்கைக்கூட மன்னிக்கலாம், பொய் சொல்கிற விளக்கைக் கடலில் யாரும் மன்னிக்கமாட்டார்கள்.

சொல்லவேண்டும். சொன்னால், விளக்கு சரியாகும்வரை கப்பலை நிறுத்திவிடுவார்கள். இப்போது ஏறி நிற்கிற தண்ணீர் வடிய ஆரம்பித்துவிட்டால் அத்தனை பெரிய கப்பல் இந்தப் பாதையில் நுழைய முடியாது. காத்திருக்க அதற்கு நேரமில்லை, நேரே அடுத்த துறைமுகத்துக்குப் போய்விடும். அவளும் அதிலேயே போய்விடுவாள், இன்னொரு தவணைக்கு. சொல்லாவிட்டால்? பைலட்டுக்கு இந்தப் பாதை உள்ளங்கை மாதிரி. விளக்கே பார்க்காமல் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். காலையில் ரகசியமாகப் போய் மாற்றிவிட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. இப்படி நினைத்ததற்கு அவன் பிற்பாடு எவ்வளவோ வெட்கப்பட்டான். ஆனால் நினைத்தான். நினைத்துக்கொண்டே, “அக்கா” என்று வாயைத் திறந்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அதற்குள் ரேடியோ கரகரத்தது.

“கட்டுப்பாட்டு அறைக்கு. ஏழாவது மிதவை விளக்கு வரைபடத்துல இருக்கிற மாதிரி எரியல.”

அவள் குரல். மழைக்காலத்துக்கு முன்னால் பக்கத்திலிருந்து கேட்ட குரல், உப்பும் தூரமும் ஏறி, அதிகாரியின் குரலாக வந்தது.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “எப்படி எரியுது?”

கேட்டுக்கொண்டே பேனாவை எடுத்தாள்.

“குட்டையா ரெண்டு. நெட்டையா ஒண்ணு,” என்றது குரல்.

உலகத்தில் அந்தத் தாளத்தின் அர்த்தம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். இது யார் செய்த கூத்து என்று தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள். சொன்னால் கப்பல் நிற்கும் என்பதும் தெரிந்துதான். வாய் திறக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் பாதையில் நுழைந்திருப்பாள். தன் நாக்கு ஒட்டிக்கொண்ட இடத்தில் அவளுடைய நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லையே என்று அவனுக்கு அவமானமாக இருந்தது. அந்த அவமானத்துக்கு நடுவிலும் அவள்மேல் பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது. அவள் அப்படித்தான். விளக்கென்றால் அர்த்தம் இருக்கவேண்டும் அவளுக்கு.

“என் வேலைதான்க்கா அது,” என்றான். “பட்டறைத் தாளத்தை மாத்தாம மாட்டிட்டேன். இப்பவே போய் சரி பண்றேன்.”

அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் கனவு சார் பாதியாகக் கருகிப்போனான். “கப்பல் அங்கயே நிக்கட்டும்,” என்று ரேடியோவில் சொல்லிவிட்டு, அவனுக்கு ஒரு வாக்கி டாக்கியைத் தூக்கிக் கொடுத்தாள். “தண்ணி இப்ப நிலையில இருக்கு. வடிய ஆரம்பிச்சா நான் அவங்களைப் போகச் சொல்லிடுவேன். உங்க வீட்டம்மான்னு பார்க்கமாட்டேன். ஓடுங்க!”

ஓடினான். படகுக்காரர் அப்போதுதான் படகைக் கட்டிவிட்டுச் சட்டையை மாற்றியிருந்தார்.

“காலையிலதானே போனோம் தம்பி? மிதவையில எதையாவது விட்டுட்டு வந்துட்டீங்களா?”

“ஆமாண்ணே.”

“எதை?”

“மூளையை.”

அவர் கயிற்றை அவிழ்த்தார்.

கரை பின்னால் போனது. கிரேன்களின் விளக்குகள், சரக்குக் கொட்டகைகள், லாரிகளின் இரைச்சல் எல்லாம் தூக்கத்தில் கேட்கிற சத்தம்போல மங்கிப்போயின. தண்ணீர் அசையாமல், எண்ணெய் தடவியதுபோல வழவழவென்று கிடந்தது. இரண்டு பக்கமும் மிதவைகள் சிவப்பும் பச்சையுமாகச் சிமிட்ட, படகு அந்த நடுவழியில் போனது. இவ்வளவு நாளும் இந்த விளக்குகளைக் கரையிலிருந்தே பார்த்தவனுக்கு, இருட்டில் அவற்றின் நடுவே போவது இதுதான் முதல் தடவை. யாரோ தனக்காகத் தெரு முழுக்க விளக்கு வைத்திருப்பதுபோல இருந்தது. அவள் ஒவ்வொரு துறைமுகத்திலும் இப்படித்தான் நுழைவாள் போலிருக்கிறது. எத்தனை தெருக்கள், எத்தனை விளக்குகள். எதுவும் அவளைப் பார்த்து, ‘பார்த்துட்டேன்’ என்று சொல்லியிருக்காது.

ஏழாவது மிதவை பெருமூச்சு விட்டுக்கொண்டு ஆடியது. படகுக்காரர் ஒட்டி நிறுத்த, அவன் ஏணியில் ஏறினான். விளக்கு முகத்துக்கு நேரே இருந்தது. குட்டை, குட்டை, நெட்டை. பச்சை வெளிச்சம் கையில், சட்டையில், தண்ணீரில் விழுந்து எழுந்தது. ரிமோட்டை எடுத்தவன், சீக்கிரம் செய்யவேண்டிய அந்த வேலையைச் செய்யாமல் ஒரு சிமிட்டல் நேரம் நின்றான். அழித்துவிட்டால் அவளிடம் சொல்வதற்கு அவனிடம் மிச்சம் ஒன்றுமில்லை. இத்தனை மாதமும் விளக்கு பேசட்டும் என்று விட்டுவிட்டு, வாயால் அவன் சொன்னதெல்லாம் ‘உன் இஷ்டம்’ ஒன்றுதான்.

பொத்தானை அழுத்தினான். விளக்கு அணைந்தது. அவசரத்தில் முதல் தடவை வேறெதோ தாளம் வந்தது. மறுபடி அழுத்தினான். மூன்று சிமிட்டல், நீண்ட ஓய்வு. மூன்று சிமிட்டல், நீண்ட ஓய்வு. இந்தத் தடவை உதட்டை அசைத்து எண்ணிப் பார்த்துக்கொண்டான்.

“தம்பி, தண்ணி திரும்புது,” என்றார் படகுக்காரர். மிதவையின் அடியில் தண்ணீர் மெல்லச் சுழித்துக் கடல்பக்கம் வழியத் தொடங்கியிருந்தது.

அவன் வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனான்.

“கப்பலுக்கு. ஏழாவது மிதவை விளக்கு சரி பண்ணியாச்சு. மூணு சிமிட்டல்.”

ரேடியோவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு முனை சொன்னதை மறு முனை அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். காதில் விழுந்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

“ஏழாவது மிதவை. மூணு சிமிட்டல். பார்த்துட்டேன்,” என்றாள் அவள். “உள்ள வரோம்.”

அக்காவின் குரலும் குறுக்கே வந்து பாதையில் நுழைய அனுமதி கொடுத்தது. வேலை முடிந்தது. கப்பல் வரும். அவள் வருவாளா? பெட்டி படுக்கையோடு இறங்குவாளா, கம்பியோரம் நின்று கையசைத்துவிட்டு மறுபடி போவாளா? அவன் கீழே இறங்க ஏணியில் காலை வைத்தான். வைத்த கால் அங்கேயே நின்றது. போகாதே என்று சொல்லமாட்டேன் என்றுதானே வாக்குக் கொடுத்தான்? வா என்று கூப்பிடமாட்டேன் என்று யாரிடம், எப்போது கொடுத்தான்? இந்தச் சின்ன விஷயம் விளங்க இவனுக்கு இத்தனை மாதமும் ஒரு மணல்திட்டும் தேவைப்பட்டிருக்கிறது.

பொத்தானை அழுத்தினான். வாக்கி டாக்கி இருந்தது பொது அலைவரிசையில். பைலட் கேட்பார், இழுவைப் படகுக்காரர்கள் கேட்பார்கள், வெளியே நங்கூரமிட்டிருக்கும் முன்பின் தெரியாத கப்பல்களெல்லாம் கேட்கும். கேட்கட்டும்.

“ஏழாவது மிதவையிலிருந்து இன்னும் ஒண்ணு,” என்றான். “வந்துடு.”

ரேடியோ கரகரவென்று சும்மா கிடந்தது. படகுக்காரர் கடலில் எதையோ மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தார். விளக்கு மூன்று முறை சிமிட்டி ஓய்ந்தது. மறுபடி மூன்று முறை சிமிட்டி ஓய்ந்தது.

“ஏழாவது மிதவையிலிருந்து வந்த செய்தி,” என்றாள் அவள், அதே அதிகாரிக் குரலில். முதல் பாதிதான் அதிகாரிக் குரல். “வந்துடு.” அங்கே கொஞ்சம் உடைந்தது. “கேட்டுச்சு. வந்துடுறேன். பெட்டி இனிமேதான் கட்டணும்.”

“ரெண்டு பேரும் லைனைக் காலி பண்றீங்களா?” என்றாள் அக்கா. “கப்பல் வருது.”